எண்ணுவதற்கு ஓர் ஆள்

"சிறிதளவு உப்புன்னா எத்தனை கரண்டி டீச்சர்?" என்று முன்பொரு நாள் பள்ளிச் சோதனைக்கூடத்தில் ஒரு மாணவி என்னைக் கேட்டாள். இன்று பாலக்காடு பஸ்ஸில் அவளை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் எலப்புள்ளியில் மூன்று மாதம் எங்களுக்கு மூட்டுவலிப் பயிற்சி கொடுத்து ஆய்வு செய்த பிசியோதெரபிஸ்ட் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறிக்கையைப் போனில் காட்டினாள்.

'நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருதல். வாரம் மூன்று நாள்.' அவ்வளவுதான். 'எப்படி, யாரோட?' என்று கேட்காமல் என் மாணவி விட்டிருக்க மாட்டாள்.

"ஊட்ல செய்யறீங்கல்ல டீச்சர்?" என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டாள்.

"ஆறோட நின்னுக்கறேனுங்க."

"ஏனுங்க? அதே பயிற்சிதானே?"

"அங்க நம்ம குழுவுல பாத்திமாக்கா எண்ணுவாங்க. ஏழுன்னு ரெண்டு தடவ சொல்லி ஏமாத்துவாங்க. 'எத்தனை பிள்ளைகளை பெஞ்சு மேல நிக்க வெச்சீங்க, எந்திரிங்க டீச்சரே'ம்பாங்க. அவங்க மக ஊட்டுக்குப் போயிட்டாங்க. இப்ப யாருங்க எண்ணறது?"

அவள் யோசித்தாள். "இந்த அறிக்கையை வெச்சுத்தான் அடுத்த ஊர்ல தொடங்கறோம்," என்றவள், போனிலேயே ஒரு வரி சேர்த்தாள்: 'குழுவாகச் செய்தனர், ஒருவர் உரக்க எண்ணினார்.'

வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். இன்றும் ஆறுதான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது டாக்டர் பயிற்சி எழுதிக் கொடுத்திருந்தால், இன்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். ஏழாவதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.