ஆண்டவருடைய வண்டி

எங்கள் அப்பாவிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்ததே தவிர, அதில் அவர் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. வாங்கிய அன்றே மாதா கோயிலுக்குக் கொண்டுபோய், சாமியாரிடம் தீர்த்தம் தெளித்து மந்திரித்து வாங்கினார். அதோடு விட்டிருக்கலாம். "இனிமே இது நம்ம வண்டி இல்ல, ஆண்டவரு வண்டி. நாம பாத்துக்கிறோம், அவ்ளோதான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவைத்தார். தெரு விடுமா? மீன் வாங்க, கேஸ் சிலிண்டர் ஏற்ற, தவளக்குப்பத்துக்குப் பெண் பார்க்கப் போக என்று ஆண்டவர் வண்டி ஓயாமல் ஓடியது. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "பெட்ரோலும் ஆண்டவரே ஊத்துவாரா?" என்பாள்.

ஒன்பது வயதில் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். பூசையில் பிள்ளைகள் சார்பாக மன்றாட்டு ஜெபம் வாசிக்க என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு மாதமாகக் குளியலறையில்கூட அதையே கத்திக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு மணி அடித்ததும் பவனி புறப்படும். அதற்குப் பிறகு வருகிற பிள்ளைக்குக் கடைசி வரிசைதான், வாசிப்பும் கிடையாது என்று எங்களைத் தயார் செய்த சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை குளித்து, வெள்ளைக் கவுனும் முக்காடுமாக வாசலுக்கு வந்தால் வண்டியைக் காணோம். பூவும் மெழுகுவத்தியும் வாங்கத் தெருமுனைக்கு நடந்து போயிருந்த அப்பா அப்போதுதான் திரும்பி வந்தார். வண்டி எங்கே என்று கேட்டார்.

"பக்கத்து வூட்டு பாய் எடுத்துட்டுப் போயிட்டாரு" என்று அம்மா வெடித்தாள். "ஆறு மாசம் கழிச்சு வேல கெடச்சுருக்காம். மேட்டுப்பாளையம் கம்பெனியில இன்னிக்குதான் மொத ஷிப்டாம், பஸ்ஸ விட்டுட்டாராம். எல்லாம் உங்களாலதான்! ஊருக்கே குடுத்துப் பழக்கி வெச்சது யாரு?"

அப்பா அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா, என் தப்புதான். வா, நடக்கலாம்" என்றார்.

சந்து முனையில் எப்போதும் நிற்கும் ஆட்டோவையும் காணோம். போன் போட்டு பாயைத் திரும்பி வரச் சொல்லுங்கள் என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வந்தா அவரு வேல பூடும் பாப்பா" என்றார். கவுனின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஓடினேன், நின்றேன், மறுபடி ஓடினேன். அம்மா எங்களுக்கு முன்னால் போனாள். வழி முழுக்க அப்பாவைத் திட்டிக்கொண்டே போனாள். கோயில் கோபுரம் கண்ணில் பட்டபோது மணி அடித்துவிட்டது.

என் மன்றாட்டை வேறொருத்தி வாசித்தாள், அதுவும் இரண்டு இடத்தில் தடுமாறி. வீடு திரும்பியும் அப்பாவோடு பேசவில்லை. அவர் ஊட்ட வந்த கேக்கைத் தட்டிவிட்டேன்.

சாயங்காலம் பாய் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பா வாசலிலேயேதான் நின்றார். பாயோ அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, நீங்க மட்டும் ஓடியாந்து சாவியக் கையில குடுக்கலன்னா இன்னிக்கு என் பொழப்பு போயிருக்கும்" என்றார். அம்மா, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவினார். கையைத் தட்டிவிட்டேன். நன்றியைக்கூட ஆள் மாற்றிச் சொல்கிற இந்த பாய்க்காகவா என் மன்றாட்டு போனது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.