கையால் தேடுகிறவன்

அக்கா கதிரையில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தாள். எங்கள் துறைமுக நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் அவளுடைய வீட்டு முன்னறை. நேரம் பகல் பன்னிரண்டு மணி, சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அவளுடைய ஒரே மகன், என் மருமகன், கண்களைத் துவாயால் கட்டிக்கொண்டு தரையில் குப்புறக் கிடந்தான்.

அலுமாரிக் காலிலிருந்து கதவு வரை ஒரு கயிறு கட்டியிருந்தது. அவனுடைய இடது கை அதைப் பிடித்திருந்தது. வலது கை தரையை அரைவட்டமாகத் தடவியது. ஒரு சாண் நகர்ந்தான். மீண்டும் அரைவட்டம். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

அந்தக் கை என் காலில் பட்டு நின்றது. பெருவிரலைத் தடவி, கணுக்காலுக்கு ஏறி, அங்கிருந்த பழைய தழும்பில் தங்கியது.

"மாமா," என்றான், கண்கட்டை அவிழ்க்காமலே. "வெயிலுக்குள்ள நடந்து வந்திருக்கிறீங்கள். கால் சுடுது."

"என்னத்தைத் தேடுறாய்?"

"அம்மான்ட மோதிரம். அவதான் ஒளிச்சு வச்சவ."

"காலமை தொடங்கினவன்," என்றாள் அக்கா. "சொந்த வீட்டுக்குள்ள குருடன் மாதிரித் தவழுறான். பாக்கேலாமல் கிடக்கு தம்பி. நீயாவது சொல்லு."

பதினெட்டு வயதிலும் இவனுக்கு இறாலைக்கூட அக்காதான் கோது உரித்துக் கொடுத்தாள். சப்பாத்து லேஸையும் அவளே கட்டிவிட்டாள். வளைகுடாவில் வேலை செய்த தகப்பன் வாங்கிக் கொடுத்த இரண்டு மோட்டார் சைக்கிள்களையும் மரத்தில் மோதி உடைத்தான். "உன்னால ஒரு நாள் ஒருத்தருக்குக் கீழ வேலை செய்ய ஏலுமோ?" என்று தகப்பன் தொலைபேசியில் கேட்டார். அந்த ரோசத்தில் போய்க் கடற்படையில் சேர்ந்தான். ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவன் வரவில்லை. கடலடியில் மூழ்கித் தேடுகிற சுழியோடிப் பயிற்சிக்குப் போனான், அதையும் முடித்தான்.

அக்கா வெளியில் சொன்னது வேறு. "துறைமுகத்தில வேலை," என்பாள். அவனுடைய சீருடை ஒருபோதும் முற்றத்துக் கொடியில் காய்ந்ததில்லை. பின்னறையில் விசிறிக்குக் கீழே காயும். சண்டைக் காலத்தில் படைக்குப் பயந்து, சம்பூரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த சொந்தக்காரர் எங்களுக்கு உண்டு. அவர்கள் வருகிற நாட்களில் அந்த அறை பூட்டியிருக்கும்.

கேற் திறக்கிற சத்தம் கேட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். தரையில் கிடந்தவனைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"சுழியோடித் தம்பியின்ட வீடு இதுதானே?"

"ஆர் சொன்னது?" என்றாள் அக்கா. "அவனுக்குத் துறைமுகத்தில..."

"கோயில்ல எல்லாருக்கும் தெரியும் தங்கச்சி."

அக்கா கதிரையிலிருந்து கால்களைக் கீழே இறக்கினாள். மருமகன் எழுந்து கண்கட்டை அவிழ்த்தான்.

வந்த பெண் யார் என்று நான் ஊகித்துவிட்டேன். அவளுடைய மூத்த மகனைப் பற்றி முதல்நாள் என் பத்திரிகைக்கு ஐந்து வரி எழுதியிருந்தேன். மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் வெறுமையாக மிதந்து கிடைத்தது. அது கிடைத்த இடத்தைச் சுற்றி இரண்டு நாட்களாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"தேடுற இடம் பிழை தம்பி," என்றாள் அவள். "வள்ளம் இழுபட்டு வந்திருக்கு. அவன் வலை போடுறது பழைய இரும்புக் கப்பல் கடலுக்கு அடியில தாண்டு கிடக்கிற இடத்தில. நேவி தடுத்த, வள்ளம் போகக் கூடாத எல்லைக்குள்ள. எனக்கு மட்டும்தான் சொன்னவன்."

"ஏன் அம்மா அங்க நிண்டவையிட்ட சொல்லேல்லை?"

"வள்ளத்தைப் பறிச்சுப்போடுவினம், சின்னவனையும் விசாரிப்பினம் எண்டு பயந்தனான். அவையின்ட பாஷையும் எனக்குத் தெரியாது. ரெண்டு நாள் கரையில நிண்டு, பிழையான இடத்தில தேடுறதைப் பாத்துக்கொண்டு வாயைப் பொத்தினனான்." அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "நேற்றையான் மழைக்குத் தண்ணி இழுக்கத் தொடங்கீட்டுது. இண்டைக்கு எடுக்காட்டி எனக்குப் புதைக்க ஒண்டும் இல்லை."

"இவன் லீவில நிக்கிறான் அக்கா," என்றாள் என் அக்கா அவசரமாக. "அங்க வேற ஆக்கள் இருக்கினம். இவன் சின்னப் பிள்ளை..."

"அம்மா, நீங்கள் கொஞ்சம் பேசாம இருங்கோ."

அவன் தாயிடம் கத்துவதைக் கேட்டிருக்கிறேன். இப்படி அமைதியாகச் சொல்லிக் கேட்டதில்லை.

ஒவ்வொன்றாகக் கேட்டான். என்ன உடுப்பு? உயரம் எவ்வளவு? கையில் நூல், கழுத்தில் சங்கிலி ஏதாவது? அவள் தடுமாறாமல் சொன்னாள்.

"முகம் ஆரைப் போல?"

"என்ட முகம்தான். உரிச்சு வச்சது."

அவன் துவாயை விரல்களில் சுற்றினான். "தொட்டுப் பாக்கலாமோ அம்மா? அடியில கண் தெரியாது, ஒரே இருட்டு. நான் இன்னும் ஒருத்தரையும் எடுத்ததில்லை. தெரியாத முகத்தைத் தொடப் பயமாக் கிடக்கு."

அவள் கதிரையில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினாள். அவன் முன்னால் மண்டியிட்டு, துவாயை மறுபடி கண்ணில் கட்டினான்.

நெற்றியிலிருந்து தொடங்கினான். புருவ எலும்பு, மூடிய இமைகள், மூக்கு, உதடு, தாடை, காது மடல். பாடம் படிக்கிறவனைப் போல ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தரம் போய் வந்தான். அவள் கண்ணை மூடி அசையாமல் இருந்தாள். ஒரு கட்டத்தில் அவளுடைய மூச்சு நின்றுவிட்டதோ என்று நான் மார்பைப் பார்த்தேன். பட்டப்பகலில், தெருவில் ஐஸ்கிரீம் வண்டி பாட்டோடு போய்க்கொண்டிருந்தது. அக்கா குசினிக்குள் போய்விட்டாள்.

பிறகு அவன் முகாமுக்குத் தொலைபேசியில் சிங்களத்தில் பேசினான். எனக்கு ஓரளவு விளங்கும். நீரோட்டத்தைக் கணக்குப் பார்த்தால் மூழ்கிய கப்பல் பக்கம்தான் தேடவேண்டும் என்றான். தன்னையும் இறக்கும்படி கேட்டான். அந்தப் பெண் வந்ததைச் சொல்லவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அந்தத் தாயும் நானும் இறங்குதுறையில் நின்றோம். மழைக்குப் பிந்திய தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் கிடந்தது. கரைக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் படகு நின்றது. அவன் இறங்கிய இடத்தில் குமிழிகள் வந்தன. அவை மெல்ல மெல்ல நகர்ந்து போயின. பிறகு ஓர் இடத்தில் நின்றுவிட்டன.

வெகுநேரம் நின்றன. படகில் அவனுடைய இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தவர் இரண்டு தரம் சுண்டிப் பார்த்தார். பதில் இல்லை. மற்றவர்கள் எழுந்து நின்றார்கள். இரண்டாவது சுழியோடி அவசரமாகக் காற்றுச் சிலிண்டரை மாட்டத் தொடங்கினான். அப்போது கயிறு தானாக இழுபட்டது.

வலையோடு சேர்த்து, பின்னாலிருந்து அணைத்தபடி அவன் உடலை மேலே கொண்டுவந்தான். தலை நீருக்கு வெளியே வந்ததும் அவன் படகைப் பார்க்கவில்லை. முகமூடியைக் கழற்றி, கரையில் நின்ற கூட்டத்துக்குள் யாரையோ தேடினான். என் பக்கத்தில் நின்ற தாயைக் கண்டதும் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

பொலிஸார் துணியால் மூடி, மரண விசாரணைக்காக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆயத்தமானார்கள். பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. தாய் அதைப் பிடித்துக்கொண்டு, ஈரம் சொட்ட நின்ற மருமகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடியில குளிரோ தம்பி?"

"இல்லை அம்மா. இளஞ்சூடு."

"இருட்டோ?"

"இல்லை. மெல்லிசா வெளிச்சம் வரும். நித்திரை கொள்ளுறமாதிரித்தான் கிடந்தவர்."

அடியில் கண் தெரியாது என்று அவளிடம் சொன்னதே அவன்தான். நான்கு மணி நேரத்துக்குள் அவள் அதை மறந்திருக்க முடியாது. ஆனாலும் தலையை ஆட்டினாள். "ஓம். எனக்கு அவ்வளவு காணும்," என்றாள்.

செய்தியில் எந்த இடத்தில் கண்டெடுத்தார்கள் என்பதை நான் எழுதவில்லை. 'தேடுதல் விரிவுபடுத்தப்பட்டதில்' என்று எழுதினேன். இருபது வருடத் தொழிலில் அறிந்தே விட்ட இடைவெளிகளில் அது ஒன்று.

இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது அவனுடைய பற்கள் அடித்துக்கொண்டன. நிறுத்தி, கடையில் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தான்.

"கயிறு சுண்டினவை. ஏன் பதில் குடுக்கேல்லை?" என்று கேட்டேன். "எல்லாரையும் பயப்படுத்திப்போட்டாய்."

"கை பட்டவுடன தெரிஞ்சது மாமா. நெத்தி, மூக்கு, தாடை, எல்லாம் பிழையில்லாமச் சரி." அவன் தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை. "ஆனா என்ட கைக்குள்ள இருந்தது அந்த அம்மா. அவ எப்பிடிக் கீழ வந்தவ எண்டு யோசிச்சுக்கொண்டே இருந்தனான். மேல வந்தா கரையில அவ நிக்கமாட்டா எண்டுதான் நினைச்சனான்."

கடைக்காரர் விளக்கைப் போட்டார். அவன் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினான். நான் உண்மையில் அங்கே இருக்கிறேனா என்று பார்க்கிறவனைப் போல, கண்களை மூடிக்கொண்டு, என் முகத்துக்கு நேரே கையை நீட்டினான். நான் விலகவில்லை.