கொலர் தைக்கப் பழக வந்தவள்

திருகோணமலை நகரத்துக்கு வெளியே இருந்த ஆடைத் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, எத்தியோப்பியாவிலிருந்து இளம் பெண்கள் சிலர் பயிற்சிக்கு வந்தார்கள். கம்பனி அவர்களுடைய ஊரில் புதிதாக ஒரு தொழிற்சாலை திறக்கப்போவதாகவும், நாங்கள்தான் அவர்களைப் பழக்கிவிட வேண்டும் என்றும் மனேஜர் சொன்னார். அவர்களில் ஒருத்தியை என் தையல் லைனில் விட்டார்கள்.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தவள் அவள். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். மிச்சத்தைக் கையால் சொல்லிக்கொண்டோம். சட்டைக் கொலரில் முனை திருப்புவது அவளுக்கு லேசில் வரவில்லை. தைத்ததை அவிழ்ப்பாள், திரும்பத் தைப்பாள். விரலில் ஊசி ஏறிய அன்றும் துணியைச் சுற்றிக்கொண்டு மெஷினை விட்டு எழும்பவில்லை.

கிண்ணியாவிலிருந்து வந்து எங்கள் லைனில் தைத்த பிள்ளை ஒருத்தி கன்டீனில் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, இதுகளைப் பழக்கி அனுப்பினா எங்கட ஓடர் எல்லாம் அங்க போயிடாதா?"

"அதுகளும் பிழைக்கத்தானே வேணும்."

"அப்ப நாங்க எங்க போறது?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வந்தவர்களை நிலாவெளிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில்லாத நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அலைக்குள் ஓடினார்கள். என் லைனில் பழகியவள் மட்டும் ரோட்டோரமே நின்றுவிட்டாள். வா என்று கையைப் பிடித்தேன்.

"ஏலாது அக்கா," என்றாள், எங்களிடம் பழகிய தமிழில்.

பிறகுதான் சொன்னாள். அவளுடைய அண்ணன் வேலை தேடிச் சவூதிக்குப் போகப் பக்கத்து நாட்டுக் கரையில் வள்ளம் ஏறியவன். வள்ளம் கவிழ்ந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை.

"இப்போது தம்பியும் போகப்போகிறேன் என்கிறான். தொழிற்சாலை திறந்தால் அவனை உள்ளே சேர்த்துவிடலாம். அதற்குத்தான் வந்தேன்."

என் தம்பியும் அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறிப் போனவன்தான். அவன் படத்துக்கு மாலை போட அம்மா இன்றுவரை விடவில்லை. அதை அவளுக்குச் சொன்னேன். வலை கரைக்கு வந்து, மீனைப் பிரித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் ரோட்டோர மணலிலேயே இருந்தோம்.

அடுத்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த எதையும் மறைக்காமல் அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன்.

ஊருக்குப் போன பிறகு வீடியோ கோலில் தன்னுடைய லைனைக் காட்டினாள். தம்பிக்கும் அயர்ன் பண்ணுகிற பகுதியில் வேலை கிடைத்திருந்தது. நீராவிக்கு நடுவில் நின்று கையசைத்தான். சிரித்தபோது அவளைப் போலவே இருந்தான்.

இங்கே முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு ஒவ்வொரு லைனாக மூடினார்கள். கடைசியில் தொழிற்சாலைக் கேற்றையும் பூட்டினார்கள். கிண்ணியாப் பிள்ளை என்னைக் குற்றம் சொல்லவில்லை. "போயிட்டு வாறன் அக்கா," என்று மட்டும் சொன்னாள். சில மாதங்களில் வீட்டுவேலைக்குக் குவைத் போய்விட்டாள். நான் எங்கள் ஊரான சல்லியில் வீட்டிலிருந்தே பள்ளிக்கூடச் சட்டை தைக்கத் தொடங்கினேன்.

போன மாரியில் எத்தியோப்பியாக்காரி எனக்குக் கோல் எடுத்தாள். வெளிநாட்டு ஓடர்கள் நின்று அவர்களுடைய தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டதாம். ரோட்டோரத்தில் கோப்பி விற்கிறாளாம்.

"தம்பி?" என்று கேட்டேன்.

"சவூதிக்கென்று போய்விட்டான். போன் வேலை செய்யவில்லை." பிறகு கேட்டாள்: "அக்கா, இந்த மாதத்தில் கடல் எப்படி இருக்கும்?"

எங்கள் கரையில் அன்று கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. வள்ளங்களை மேலே இழுத்து வைத்திருந்தார்கள்.

"உங்கட பக்கத்துக் கடல் எனக்குத் தெரியாதம்மா," என்றேன். அவன் கதைத்தால் உடனே எனக்குச் சொல்லச் சொன்னேன்.

ஓம் என்றாள். அதன்பிறகு நான் பலமுறை அவளுக்குக் கோல் எடுத்துப் பார்த்துவிட்டேன். மணி அடிக்கிறது. அவள் எடுப்பதில்லை.