பூஜ்ய வயதுக்காரர்கள்

தென்காசி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் எங்கள் அலுவலகம். மருத்துவமனைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் செய்து தருகிறோம். பைத்தானில் பட்டியலை வடிகட்டப் பழகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று காலை ஒரு மருத்துவமனையிலிருந்து போன். குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கொடுத்த சொட்டு மருந்தில் ஒரு பேட்ச் கெட்டுவிட்டது, சிறுநீரகத்தைத் தாக்குகிறது. வாங்கிய குடும்பங்களைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும், பட்டியல் வேண்டும் என்றார்கள்.

எங்கள் முதலாளி அண்ணாச்சியே உட்கார்ந்து ஒரு வரியில் முடித்தார். அந்த பேட்ச் போட்ட பில்களில் ரத்தானவையும் கிடந்தன. ரத்தானதில் வயது காலியாக இருக்கும். அந்த பில்களின் பட்டியல்தான் patients; ரத்தானவற்றைக் கழிக்க:

[p for p in patients if p.age]

வயது இருந்தால் எடு, இல்லாவிட்டால் விடு. அவ்வளவுதான்.

நான் முதலில் தேடியது என் மகன் பெயரை. எட்டு மாதம். போன வாரம் அங்கேதான் காட்டியிருந்தோம். பெயர் இல்லை. உயிர் வந்தது. அண்ணாச்சி பட்டியலை அனுப்பிவிட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அம்மாவுக்கு போன் செய்து, புட்டியில் இருக்கும் பேட்ச் எண்ணைப் படிக்கச் சொன்னேன்.

"ஏட்டி, காலையிலேருந்து எத்தன தடவ போன் பண்ணுத? புள்ள ஒறங்குதான். காய்ச்சல்தான் அன்னைக்கே விட்டுட்டுல்லா, மூடிகூட தொறக்கல." பிறகு எண்ணைப் படித்தாள். அதே எண்.

"அண்ணாச்சி, லிஸ்ட் தப்பு. எம் பையன் பேரு இல்ல."

"இல்லன்னா சந்தோஷப்படு. அதுக்கும் அழுவியா?"

"அதே பேட்ச் என் வீட்ல இருக்கு அண்ணாச்சி."

அவர் கீபோர்டை என் பக்கம் தள்ளினார். கழிந்துபோன வரிகளைத் தனியே எடுத்துப் பார்த்தேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எங்கள் சாப்ட்வேர் வயதை 0 என்று பதியும். அந்த if காலியையும் 0-வையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டுமே அதற்கு 'இல்லை'தான். பட்டியலில் ஒரு கைக்குழந்தைகூட இல்லை.

காலியானவை மட்டும் கழியும்படி if p.age is not None என்று மாற்றிப் புதுப் பட்டியலை அனுப்பினோம். நாங்களும் ஆளுக்கொரு போனை எடுத்தோம். சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு பெண் எடுத்தாள்.

"இப்பந்தானக்கா ஒரு வேள குடுத்தேன். நேத்துலேருந்து குடுக்கேன். புள்ள ஒண்ணுக்கே போகலையேன்னு பாத்துட்டு இருக்கேன்."

"இனிமே குடுக்காதீங்க. இப்பமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

அங்கிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். குழந்தை பிழைக்கவில்லை. முதல் பட்டியலிலேயே பெயர் இருந்திருந்தால் அந்தக் கடைசி வேளையைத் தடுத்திருக்கலாம். தடுத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார்.

இப்போது வடிகட்டும் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும், கழிந்தவர்களை எடுக்க இன்னொரு வரி எழுதுகிறேன். அதைத்தான் முதலில் படிக்கிறேன். அண்ணாச்சி கேலி செய்வதில்லை. நீங்களும் படியுங்கள். உங்கள் வீட்டுப் பெயர் பட்டியலில் இல்லை என்று நிம்மதி வந்தால், அப்போது கட்டாயம் படியுங்கள்.