பால்மா ரின்னுக்குள் பற்றரி

என் கணவருக்குக் கடல் வேண்டும். எனக்கு ஸ்நோ தள்ளாத ஒரு வாரம் வேண்டும். இரண்டும் மலிவாகக் கிடைக்கிற இடம் கியூபா. ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் எங்கள் தெருச் சனங்கள், ஏற்கனவே கறுத்தவர்கள், மாரியில் அங்கே போய் மேலும் கறுத்துவிட்டு வருகிறார்கள்.

நான் வேலை செய்யும், பாண் சுடும் ஃபக்டரியில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் கியூபாக்காரி. நான் போகிறேன் என்றதும் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். அவளுடைய அம்மாவுக்குக் காது கேட்காது. காதுக் கருவி இருக்கிறது. அதற்குப் போடும் சின்னப் பற்றரி அங்கே கிடைப்பதில்லை. ஞாயிறுதோறும் இவள் ஃபோனில் கோல் எடுப்பாள். அம்மா தன் பாட்டில் பேசிவிட்டு வைத்துவிடுவாராம்.

"அம்மா இப்போது ரேடியோ. நான் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பார்சல் அனுப்பிப் பார்த்திருக்கிறாள். ஒன்று திரும்பி வந்துவிட்டது, இன்னொரு இடத்தில் எடுக்கவே மாட்டோம் என்றார்களாம். கியூபாவுக்கு அமெரிக்கா போட்ட பொருளாதாரத் தடை என்னைவிட வயது கூடியது. மருந்துச் சாமான்களுக்கு விலக்கு உண்டு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதாம். எழுதியிருக்கட்டும். வங்கிக்குப் பயம், கப்பல்காரனுக்குப் பயம், விற்கிறவனுக்குப் பயம். வருடாவருடம் உலக நாடுகள் கூடி, இது சரியில்லை என்று கை தூக்கிவிட்டுச் சாப்பிடப் போகின்றன. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் மறித்தவர்களும் கையில் சட்டம் வைத்துக்கொண்டுதான் மறித்தார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நாட்களில் எங்களுக்கும் பற்றரி தடை. அப்பாவின் ரேடியோவுக்காக வவுனியாவிலிருந்து இரண்டு பற்றரியைப் பாணுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பாணைப் பிய்த்தான். பற்றரியைப் பறிகொடுத்து, பின்னேரம் வரை வெயிலில் நின்றேன்.

ஆகவே அவள் தந்த பற்றரிகளைக் கியூபாவுக்கு எப்படிக் கட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பால்மா ரின் ஒன்றைத் திறந்து, பற்றரிகளைப் பொலித்தீனில் சுற்றி மாவுக்குள் புதைத்து, மூடியைப் பசை போட்டு ஒட்டினேன்.

"உது தடையில்லாத சாமானெல்லே. சும்மா பையுக்குள்ள போடுமன்" என்றார் கணவர். அவர் யாழ்ப்பாணத்தில் தடை வருவதற்கு முன்பே வெளிநாடு வந்தவர்.

"உங்களுக்கென்ன தெரியும், பேசாமல் இருங்கோ" என்றேன்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் என் கைப்பை ஸ்கானருக்குள் போனது, வரவில்லை. திரையைச் சுற்றி மூன்று தலைகள் கூடின. ஒட்டிய ரின், உள்ளே மா, நடுவில் உலோக உருண்டை. குண்டு செய்ய நினைப்பவன்கூட இவ்வளவு சந்தேகமாகச் செய்யமாட்டான். கணவர் என்னைத் தெரியாதவர்போல் சப்பாத்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

கையுறை போட்ட பெண் ரின்னைக் கிண்டினாள். எங்கள் தமிழ்ப் பிள்ளை, இங்கே பிறந்தவள். பற்றரிகளைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அன்ரி, திஸ் இஸ் அலவ்ட். ஏன் ஒளிச்சனீங்கள்?" என்றாள்.

வாய்க்குச் சுடச்சுட ஏதாவது வரும் எனக்கு. அன்று கெஞ்சல்தான் வந்தது. "எடுத்துப்போடாதை பிள்ளை, ஒரு மனுசிக்குக் காது கேக்கோணும்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஒவ்வொரு பற்றரியாக மாவைத் துடைத்து, பொலித்தீனில் போட்டு, என் கையில் தந்தாள். சாவடியில் எதையும் திருப்பி வாங்கி எனக்குப் பழக்கமில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

கியூபாவில், காது கேட்காத அந்த அம்மாவே ஹோட்டல் வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டார். பால்மா ரின்னையும் விடவில்லை.

திரும்பி வந்து வேலைக்குப் போன அன்று கியூபாக்காரி எனக்காகக் காத்து நின்றாள். "அம்மா ஏசிவிட்டாள்" என்றாள். "'ஏன் கத்துகிறாய், நான் என்ன செவிடா?' என்று கேட்டாள்." இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பாண்கள் பெல்ட்டில் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன, சுப்பர்வைசர் வந்து முறைத்தார்.

பிறகு அவள் சொன்னாள், அம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கருவியைப் போடுகிறாராம். மற்ற நாட்களில் பற்றரியைக் கழற்றி வைத்துவிடுகிறாராம், முடிந்துபோகும் என்ற பயத்தில்.

அந்த நாட்களில் என் அப்பாவும் செய்தி நேரத்துக்கு மட்டும்தான் ரேடியோவைப் போடுவார்.