சித்தப்பா கத்தரித்த பெயர்

ரங்கூனில், பசுந்தாங் ஓடைக்கரையில் இருந்த எங்கள் வீட்டு முன்னறைதான் சித்தப்பாவின் கடை. படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுவார். வருவதெல்லாம் லட்சுமியும் முருகனும்தான். படத்தின் அடியில் அச்சாபீஸ் பெயர் இருக்குமே, அதை முதல் வேலையாகக் கத்தரித்துவிடுவார். சாமி காலடியில் எவன் பேரோ இருந்தால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். துண்டுகள் அம்மாவின் அடுப்புக்குப் போகும்.

ஒரு நாள் வயதான வெள்ளைக்காரர் ஒருவர், சீமையிலுள்ள தன் சொந்த ஜில்லாவின் பழைய தேசப்படத்தைக் கொண்டுவந்தார். அடடா, அதை என்னவென்று சொல்ல. ஆற்றோரம் வர்ணக் கோட்டைகள், கடலில் பாய்மரக் கப்பல்கள், மூலையில் சிறகு முளைத்த அம்மணக் குழந்தைகள். எட்டு வயதுக்காரி நான், பள்ளிக்கூடத்து மொட்டைத் தேசப்படத்தைத் தவிர வேறு கண்டதில்லை. சித்தப்பாவும் மயங்கித்தான் போனார். ஆனால் கை பழக்கத்தை விடவில்லை.

திரும்பி வந்த வெள்ளைக்காரர் கப்பலைப் பார்க்கவில்லை, குழந்தைகளைப் பார்க்கவில்லை. கண் நேரே அடிப்பக்கம் போயிற்று. பெயர் எங்கே என்று பர்மிய மொழியில் கேட்டார். அந்தப் படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் அவருடைய பாட்டனுக்குப் பாட்டனாம். அந்த மனிதரைப் பற்றிக் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதானாம். அவர் கத்தவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்தியிருந்தால் சித்தப்பா தாங்கியிருப்பார்.

"அண்ணி, அடுப்புல போட்டுட்டீங்களா?" என்று சித்தப்பா உள்ளே பார்த்துக் கேட்டார்.

அடுப்புக்குப் போகவில்லை. நான் திருடியிருந்தேன். எங்கள் தெரு, ஓடை, மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா விற்கும் பர்மாக்கார அக்கா எல்லாவற்றையும் போட்டு நானும் ஒரு தேசப்படம் வரைந்து, அடியில் அந்தப் பெயரைக் கஞ்சிப் பசையால் ஒட்டியிருந்தேன். பெரிய படத்தில் இருந்தால் என் படத்திலும் இருக்க வேண்டாமா? உதை விழும் என்று தெரிந்தே கொண்டுபோய் நீட்டினேன்.

சித்தப்பா அடிக்கவில்லை. தண்ணீரில் நனைத்துப் பெயரை மெல்ல உரித்தெடுத்தார். அந்தக் காலத்து மை அசையவில்லை. என் தெருவும் ஓடையும் கரைந்து ஓடின. நான் அழுத அழுகை தெருக்கோடிவரை கேட்டதாம்.

"அழாதடி. வேற வரைஞ்சு குடு, சட்டம் போட்டுத் தரேன்," என்றார்.

பெயரை இருந்த இடத்திலேயே ஒட்டினார். பின்பலகையை வைத்து ஆணி அடிக்கும் முன், அதன் உட்புறத்தில் பென்சிலால் நெடுநேரம் எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். தமிழில் அவருடைய பெயர்.

"உள்ள எழுதினா யாருக்குத் தெரியும் சித்தப்பா?"

"தெரிய வேணாம்," என்று சொல்லிவிட்டு ஆணியை அடித்தார்.

யாருக்கும் தெரியாத இடத்தில் எதற்குப் பெயர்? சித்தப்பாவுக்கு மரை கழன்றுவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன்.