ஆஸ்பத்திரிப் பலகையில் எழுதிய பெயர்

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. நான்கு பிள்ளைகளைப் பெற்றேன். தங்கச்சி செத்த பிறகு அவளுடைய மகனையும் சேர்த்து ஐந்து பேரை வளர்த்தேன். ஐந்து பேரும் இன்று தங்கள் காலில் நிற்கிறார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனாலும் ஒருவரிடமும் போய் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்டதில்லை. அவசரப்படாமல் ஆறுதலாக எழுதினால் எல்லாம் எழுதலாம். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், பேத்தி வாங்கித் தந்த கொப்பியில், ஒரு நாளைக்கு அரைப் பக்கமாக.

சொல்ல வந்தது என் கணவரின் பெயரைப் பற்றி. அந்தப் பெயரை நான் இதில் எழுதப் போவதில்லை. ஐம்பத்தெட்டு வருடமாக வாயால் சொல்லாததைக் கையால் மட்டும் எழுதலாமா? பொருளைச் சொல்கிறேன், அது போதும். கையில் வேல் வைத்திருப்பவர் என்று பொருள். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் உன் பெயரையே வைக்கிறேன் என்று அவரைப் பெற்ற மாமி, மயிலில் வருகிற அந்தச் சாமிக்கு நேர்ந்தாவாம். பிள்ளை தங்கியது, பெயரையும் வைத்தா.

அதனால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கோயிலில் எல்லோரும் அந்தச் சாமியின் பெயரைச் சொல்லிக் கும்பிடும்போது நான் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, பிறகு அரோகராவுக்கு மட்டும் குரல் கொடுப்பேன். பெண்சாதி தன் வாயால் புருசனின் பெயரைச் சொன்னால் அவனுடைய ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். அதை நான் முழுக்க நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரெல்லாம் சொல்கிற பெயரை நானும் சொல்வதில் எனக்கு என்ன பெருமை?

நான் அவரைக் கூப்பிடுவது 'இஞ்சாருங்கோ' என்று. இங்கே பாருங்கோ என்பதுதான் வாய்க்குள் தேய்ந்து தேய்ந்து அப்படி வந்தது. எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் புருசனின் பெயர் அதுதான். கலியாண வீட்டில் ஒருத்தி இஞ்சாருங்கோ என்றால், நியாயப்படி பத்து ஆண்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒருவர்தான் பார்ப்பார். அவரவருக்கு அவரவர் வீட்டுக் குரல் தெரியும். சோறு ஆறுகிறது என்பதற்கு ஒரு இஞ்சாருங்கோ, கடன்காரன் வருகிறான் என்பதற்கு இன்னொன்று, ஆட்களுக்கு முன்னால் வாயைக் கொடுக்காதீர்கள் என்பதற்கு வேறொன்று. மூன்றையும் அவர் முகம் பார்க்காமலே பிரித்து அறிவார்.

கனடாவுக்கு வந்தபோது எங்கள் பெயர்களுக்கு ஒரு விபத்து நடந்தது. ஊரில் தகப்பன் பெயரை முன்னுக்கும் தன் பெயரைப் பின்னுக்கும் எழுதுவோம். பத்திரம் நிரப்பினவர்கள் முன்னுக்கு இருந்ததை முதற்பெயர் என்றும், பின்னுக்கு இருந்ததைக் குடும்பப் பெயர் என்றும் பதிந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த நாட்டில் என் கணவரைத் தகப்பனின் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஊரை விட்டு ஒருநாளும் வெளிக்கிடாத தன் ஐயா, செத்த பிறகு கனடாவுக்கு வந்து பதினெட்டு வருடம் வேலை செய்து பென்சனும் எடுத்துவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய சொந்தப் பெயரோ எனக்கும் பிள்ளைகளுக்கும் கடைசிப் பெயராக ஒட்டிக்கொண்டது. பாங்கிலும் டொக்டரிடமும் "லாஸ்ட் நேம்?" என்று கேட்பார்கள். நான் வாய் திறக்காமல் ஹெல்த் காட் அட்டையை நீட்டுவேன். வாசித்துக்கொள்ளட்டும். கண் இருக்கிறதுதானே.

போன வருடம் இலை கொட்டுகிற காலத்தில், ஒரு நாள் காலை, தேநீருக்குக் கை நீட்டினார். கை வரவில்லை. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் அப்படியே கிடந்தார். கூப்பிட்டால் அறிந்து, சொன்னதைச் செய்கிறவர்களைத்தான் நடக்கவும் பேசவும் பழக்குகிற வார்டுக்கு எடுப்பார்கள் என்றார்கள். மற்றவர்கள் நேர்சிங் ஹோம் என்கிற பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டும்.

என் மூத்த மகள் விட்பியில் இருக்கிறாள். வேலை முடிந்து ரெயின் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவள், கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தன்ர பேரே தெரியேல்லையாம். கூப்பிட்டா வாசலைப் பாக்கிறாராம். ஒஷாவாவில ஒரு ஹோமில கட்டில் இருக்காம். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லோணும்."

"வாசலை ஏன் பாக்கிறார் எண்டு கேட்டனியே?"

"அம்மா, உங்களால அவரைத் தனியத் தூக்கி இருத்தேலாது. வடிவா யோசியுங்கோ."

"நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லு."

அவள் கோட்டைக் கழற்றத் தொடங்கினாள். ஒஷாவா மகளுக்குப் பக்கம். எனக்கு இங்கிருந்து இரண்டு பஸ்சும் ஒரு ரெயினும். பனிக்காலத்தில் ஏழு நாளில் ஒரு நாள், கிழமைக்கு ஒரு தரம், போகலாம். ஐம்பத்தெட்டு வருடம் பக்கத்தில் இருந்த மனிசனைக் கிழமைக்கு ஒரு தரம் பார்ப்பது என்றால் எப்படி? அன்று வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அரிசி போட மறந்துவிட்டேன்.

அடுத்த நாள், அவரைச் சோதிக்கிற தெரபிஸ்ட் வருகிற நேரத்துக்கு நான் கட்டிலடியில் போய் நின்றேன். மகளும் லீவு போட்டுவிட்டு வந்தாள். தெரபிஸ்ட் உயரமான ஒரு தாடிக்காரர், நல்ல மனிசன். குனிந்து, என் மாமனாரின் பெயரைச் சொல்லி, கையைத் தூக்கச் சொன்னார். என் கணவர் கழுத்தை மெதுவாகத் திருப்பி வாசலைப் பார்த்தார். இன்னொரு தரம் கூப்பிட்டார். இவர் இன்னும் ஆவலாக வாசலைப் பார்த்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"பிள்ளை, உந்தத் தாடிக்காரரிட்டச் சொல்லு. அது அப்பான்ர பேரில்லை, அப்பாவின்ர ஐயான்ர பேர். ஐயா வந்து நிக்கிறார் எண்டு தேடுறார். மனிசனுக்கு அறிவு இருக்கு!"

மகள் விளக்கினாள். தாடிக்காரர் கையில் இருந்த தாளைப் பார்த்தார், இவர் கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டியைப் பார்த்தார், தலையில் கை வைத்தார். பிறகு மற்றப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அவருடைய வாயில் அந்தப் பெயர் வேலும் இல்லாமல் கையும் இல்லாமல் வந்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தாடிக்காரர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"நீங்கள் அப்பாவைக் கூப்பிடோணுமாம் அம்மா. பேரைச் சொல்லி."

"நான் பேர் சொல்லிறேல்லையெண்டு உனக்குத் தெரியாதே?"

"ஐயோ அம்மா, உதெல்லாம் பாக்கிற நேரமே இது? ஒருக்காச் சொல்லுங்கோ!"

சொல்லித்தான் இருப்பேன். உண்மையாகச் சொல்கிறேன், முதல் எழுத்து நாக்கில் வந்துவிட்டது. அவர் வீட்டுக்கு வருவார் என்றால் அந்தப் பெயரை நடுத்தெருவில் நின்றும் கத்துவேன். ஆனால் என் குரலில் அந்தப் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லையே. கேட்டால் யாரென்று நினைப்பார்? ஆகவே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் போலக் கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ."

கண் திறந்தது. வாசலுக்குப் போகவில்லை, நேரே என்னிடம் வந்தது.

"இடக்கையை ஒருக்காத் தூக்குங்கோ பாப்பம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தூக்கினார். தேவைக்கு மேலேயே தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. கண்ணை மூடச் சொன்னேன், மூடினார். திறக்கச் சொன்னேன், திறந்தார். மகள் மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிட்டாள்.

தாடிக்காரர் அது என்ன பெயர் என்று கேட்டார். மகள், அது பெயர் இல்லை என்று சொல்ல வெளிக்கிட்டாள். எனக்கு அவ்வளவு இங்கிலிஷ் விளங்கும்.

"பேர்தான் எண்டு சொல்லு," என்றேன். "மாமி வைச்சது ஒண்டு, நான் வைச்சது ஒண்டு."

கட்டில் தலைமாட்டில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. நோயாளி எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் விரும்புவார் என்று அதில் எழுத ஒரு இடம் இருந்தது. தாடிக்காரர் மாமனாரின் பெயரை அழித்துவிட்டு, என்னை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு, இங்கிலிஷ் எழுத்தில் 'இஞ்சாருங்கோ' என்று பெரிதாக எழுதினார். நான் இல்லாத நேரமும் அவர் சொல் கேட்க வேண்டுமே, அதனால் தானே ஒருக்காக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"இன்ஜரங்கோ!"

என் கணவர் அந்தத் தாடியை நெடுநேரம் பார்த்தார். இடப்பக்க வாய் மெல்ல மேலே போனது. பாதி முகத்தால் சிரித்தார். பத்து நாளைக்குப் பிறகு முதற் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கையையும் தூக்கினார்.

வெள்ளிக்கிழமை அவரைப் பழக்குகிற வார்டுக்கு எடுத்தார்கள். ஒஷாவாக் கட்டில் வேறு யாருக்கோ போனது, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

அங்கேயும் பலகையில் அதே பெயர். நேர்ஸ்மார், சாப்பாடு கொண்டுவருகிறவ, தரை துடைக்கிறவர், எல்லோருக்கும் அவர் இஞ்சாருங்கோதான். அவருடைய தங்கச்சி, என் மச்சாள், பார்க்க வந்தவ ஒரு மணித்தியாலம் விரல் மடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா:

"மச்சாள், அண்ணைக்கு இஞ்ச எத்தினை பெண்சாதியள்? வந்ததிலயிருந்து எண்ணுறன், ஏழு!"

"எட்டு. தாடிக்காரரை விட்டிட்டீர்."

சிரித்தோம்தான். ஆனால் முதற் கிழமை எனக்கு நெஞ்சு கொஞ்சம் எரிந்தது. அது எனக்கு மட்டும் சொந்தமான சொல். மருந்துக் கோப்பையோடு வருகிற சின்னப் பெட்டை அதைச் சொல்ல, அவர் உடனே முகத்தைத் திருப்புவார். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். பிறகு கவனித்தேன். யார் கூப்பிட்டாலும் திரும்பினார், ஆனால் திரும்பியதும் முதலில் கட்டிலடியில் நான் உட்காருகிற கதிரையைப் பார்த்தார். நான் அதில் இருந்தால் சரி, சொன்னதைச் செய்வார். எரிச்சல் போய்விட்டது.

பேச்சுப் பழக்க ஒரு இளம் பெண் வந்தாள். படங்களைக் காட்டுவாள், ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கோப்பை, கதிரை, சாவி. ஒரு நாள் என் படத்தைக் காட்டினாள். அவளுக்கு எங்கள் வழக்கம் என்ன தெரியும்? அடியில் என் பெயரை எழுதி, அதைச் சொல்லச் சொன்னாள்.

என் பெயருக்குத் தாமரையில் இருப்பவள் என்று பொருள். அம்மாவும் ஐயாவும் சொன்ன பெயர். கலியாணத்துக்குப் பிறகு அக்கா, மச்சாள், அம்மா, அம்மம்மா என்று ஆகிவிட்டேன். பெயர் ஹெல்த் காட்டில் மட்டும் கிடந்தது. அவர் என்னைக் கூப்பிடுவது இஞ்சேரப்பா என்று. அதுவும் இந்தப் பாரிசவாதத்தோடு போய்விட்டது.

முதல் நாள் பாதிதான் வந்தது. நாலாம் நாள் மற்றப் பாதியும் வந்தது. ஆறாம் நாள் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோட்டு ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டேன்.

"அம்மா, வெக்கப்படுறியளோ?" என்றாள் மகள்.

"குளிருது."

ஏழு கிழமை அங்கே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது நாலுகால் தடி பிடித்து நடக்கிறார். ஒரு ஐம்பது சொல் வரும். அதில் தடக்காமல் வருவது என் பெயர்தான். தேநீருக்கும் அதுதான், செருப்புக்கும் அதுதான், சும்மா இருக்கிறேனா என்று பார்க்கவும் அதுதான். முதற் தரம் கூப்பிட்டால் நான் போவதில்லை. இன்னொரு தரம் சொல்லட்டும், சொல்லச் சொல்லத்தான் பேச்சு வரும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

இந்தா, முன்னறையில் இருந்து கூப்பிடுகிறார். பேத்தி, நீ இந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு வா. அவருக்குப் பக்கத்தில் இருந்து, முதலில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டு. பலமாக வாசி, அவரும் கேட்கட்டும். எழுத்துப் பிழை கண்டால் எனக்கு மட்டும் சொல்லு.